மஞ்சள் கோலும் சிவப்பு விளக்கும்

சிவப்பு விளக்கோடு எனக்குத் தீராத பகை. ஒடென்சே நகரத்தில் இப்போது புத்தம் புதிய டிராம் ஓடுகிறது. சத்தமில்லாமல் வந்து, விளக்கைப் பார்த்து நின்று, விளக்கைப் பார்த்துப் புறப்படுகிறது. எதிரே ஒரு மனிதர் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை, ஆனாலும் சிவப்பு என்றால் சிவப்புத்தான். மற்றவர்கள் கைத்தொலைபேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிவனே என்று இருப்பார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். "பென்சன் எடுத்த மனுசனுக்கு என்ன அவசரம்?" என்று மனைவி கேட்பாள். அவசரம் ஒன்றுமில்லை. ஏன் நிற்கிறோம் என்று கேட்பதற்கு அங்கே ஒரு முகம் இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரமே இந்தப் பகை தொடங்கிவிட்டது. விடிகாலை, கொட்டும் பனி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வாகனமும் இல்லாத தெரு. சிவப்பு மனிதன் எரிந்துகொண்டிருக்க நான் என் பாட்டில் கடந்து போனேன். எங்கிருந்து வந்தாரோ தெரியாது, நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வயதான பெண்மணி என்னை ஏசத் தொடங்கினார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. அவருடைய நாய்கூட உட்கார்ந்து பச்சைக்காகக் காத்திருந்தது. வெட்கத்தில் திரும்பிப்போய் நாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அது நாங்கள் எல்லோரும் காத்திருந்த காலம். நான் அகதியாக வந்து, ஏற்றுக்கொள்ளப்பட்டு, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருந்த மனைவியை இங்கே கூப்பிட்டு எடுப்பதற்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். போட்டதுதான், பிறகு கிணற்றில் போட்ட கல். தொலைபேசி எடுத்தால் ஒரு குரல் மிக மரியாதையாக, "உங்கள் விடயம் பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டால், "அதைச் சொல்ல முடியாது." யாரிடம் கேட்கலாம் என்று கேட்டால், "என்னிடம் கேட்கலாம்." உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால், "எனக்குத் தெரியாது." தமிழர்களுடைய குடும்பங்களின் விண்ணப்பங்களை மேலிடத்து உத்தரவின்படி நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு பத்திரிகையில் வந்து, பெரிய வழக்காகி, அரசாங்கமே மாறிய கதை. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பதில் இல்லை என்பது மட்டும்தான்.

தக்காளி வளர்க்கும் ஒரு கண்ணாடிவீட்டில் எனக்கு வேலை. தக்காளியோடு டேனிஷ் கதைக்க முடியாது. மொழிப்பள்ளி ஆசிரியை, "ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள், மொழி தானாக வரும்" என்றார். டென்மார்க்கில் சங்கம் இல்லாத விடயமே இல்லை. புறாவுக்குச் சங்கம், கோடைகாலத் தோட்டத்துக்குச் சங்கம், குளிர்காலத்தில் கடலில் குளிப்பதற்கும் சங்கம். பட்டியலில் பார்த்து, பழைய டிராம் வண்டிகளை ஓட்டும் சங்கத்தில் சேர்ந்தேன். காரணம் டிராம்மீது காதல் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அதோடு, அங்கே கேக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கோப்பன்ஹேகன் தெருக்களில் டிராம் நின்றுபோன பிறகு அங்கிருந்து மீட்டுக்கொண்டுவந்த வண்டிகளை, நகரத்துக்கு வெளியே ஒரு காட்டோரத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டினார்கள். ஓட்டியவர்கள் எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள். எனக்கு மார்பில் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு ஒன்றும் தொப்பியும் கொடுத்து நடத்துநர் ஆக்கினார்கள். கோட்டு என் முழங்காலுக்குக் கீழே வந்தது. அந்தக் கிழவர்களிடம் படித்த டேனிஷைக் கொண்டுபோய் வகுப்பில் கதைத்தபோது, ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இப்படி மரியாதையாகப் பேசும் ஆள் நாட்டில் இப்போது அரண்மனையில் மட்டும்தான் இருக்கக்கூடும் என்றார்.

சங்கத் தலைவர் முன்னாள் டிராம் ஓட்டுநர். பெரிய உடம்பு, பெரிய மீசை, வாயில் எப்போதும் எரியாத சுருட்டு. முன்பாதி திறந்த வெளியில், போக ஒன்று வர ஒன்று என்று இரட்டைப் பாதை, பிரச்சினை இல்லை. பின்பாதி காட்டுக்குள் ஒற்றைப் பாதை, வளைந்து வளைந்து ஏரிக்கரை வரைக்கும் போகும். எதிரே வண்டி வருவது தெரியாது. அதற்கு அவர்கள் வைத்திருந்த பாதுகாப்பு ஒரு கோல். மஞ்சள் பூசிய, முழங்கை நீள மரக்கோல். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் காட்டுக்குள் வண்டியை விடலாம். வெளியே வந்ததும் காத்திருக்கும் மற்ற வண்டிக்காரரிடம் கோலைக் கையில் கொடுக்க வேண்டும். எறியக்கூடாது, வைத்துவிட்டுப் போகக்கூடாது, முகத்தைப் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு கோல், ஒரு வண்டி. எனக்கு அது உடனே விளங்கியது.

அதற்காக அந்தக் கோலைக் கும்பிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோலில் ஆயிரம் கரைச்சல். கொடுக்கும்போது ஒரு கதை, வாங்கும்போது ஒரு கதை. முட்டுவலி, மருமகள், உருளைக்கிழங்கு விளைச்சல் எல்லாம் பேசி முடிந்துதான் வண்டி நகரும். ஒருமுறை தலைவர் கோலைக் கோட்டுப் பைக்குள் வைத்த ஞாபகமில்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் அதே கோட்டோடு பல் வைத்தியரிடமும் போயிருக்கிறார். அந்தக் கோல் திரும்பி வரும்வரை ஒரு டிராமும் காட்டுக்குள் போகவில்லை. போக முயன்றவரையும் விடவில்லை.

இதைப் பார்த்துக் கொதித்தவர் எங்கள் எஞ்சினியர். மின்சார நிறுவனம் ஒன்றில் இருந்து ஓய்வுபெற்றவர், மெலிந்த மனிதர், சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள். காட்டின் இரண்டு முனையிலும் விளக்கு போடலாம் என்றார். தண்டவாளம் இரண்டிலும் சின்னதாக ஒரு மின்சாரம் ஓடும். டிராம் சில்லு இரண்டையும் தொடுத்தவுடன், உள்ளே வண்டி இருக்கிறது என்று விளக்குக்குத் தெரிந்து இரு பக்கமும் சிவப்பாகிவிடும். வண்டி வெளியே போனால் தானாகப் பச்சை. மனிதர் ஒருவரும் தேவையில்லை, பல் வைத்தியரும் தேவையில்லை. தலைவர் எதிர்த்துப் பார்த்தார். வாக்கெடுப்பில் தோற்றார். கோலைக் கொண்டுபோய், டிராம் புறப்படும் தரிப்பிடத்துக் கஃபேயின் சுவரில் அலங்காரமாக ஆணி அடித்துவிட்டார்கள்.

அந்த வருடம்தான் எனக்குக் கடிதம் வந்தது. மனைவி வரலாம். அவள் வரும் நாள் ஒரு ஞாயிறு, நண்பகல் ரயிலில் ஒடென்சே வந்து இறங்குவாள். அதே ஞாயிறு காலையில்தான் விளக்குத் திறப்புவிழா. எங்கள் தமிழ் ஆட்களில் கார் வைத்திருந்தவர் ஒரே ஒருவர், ஆகவே அவருக்குப் பெயரே கார் அண்ணை. அவர்தான் என்னை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்குப் போவதாக ஏற்பாடு.

"உனக்கு விசரோ? மனுசி வாற நாளில டிராம் ஓட்டப் போறியோ?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு ஓட்டம்தான் அண்ணை. காலமை போயிட்டு வந்திடுவன். நீங்கள் தரிப்பிடத்துக்கு வாங்கோ, அங்கயிருந்து போவம்."

உண்மை என்னவென்றால், நான் இரவு முழுக்கத் தூங்கவில்லை. அறையைக் கூட்டிக் கூட்டித் தரை தேய்ந்துவிட்டது. நண்பகல் வரைக்கும் நேரத்தை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைக்க வேண்டியிருந்தது.

கார் அண்ணையின் மனைவி என்னுடைய மனைவியை வரவேற்க ஒரு மாலை கட்டித் தந்திருந்தார். இந்த ஊர்ப் பூவில் மாலை கட்டினால் தலையைத் தொங்கப்போட்டுவிடும். ஆகவே வண்ணத்தாளில் பூ, சமையலறை வெள்ளித்தாளில் இலை, நூல் அறுந்துவிடுமே என்று கார் அண்ணையின் தொழிற்சாலையில் இருந்து வந்த செப்புக்கம்பி. ஆனைக்குப் போடலாம், அவ்வளவு நீளம். அதை நான் திறப்புவிழாவுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஆட்கள் ஒரு தண்ணீர்ப் பம்ப் வாங்கினால்கூட மாலையும் சந்தனமும் இல்லாமல் முடுக்கமாட்டார்கள். காட்டு வாசலில் நின்ற புதிய விளக்குக் கம்பத்தை மொட்டையாக விட எனக்கு மனம் வரவில்லை. கம்பத்தில் மாலையைச் சுற்றினேன், சந்தனம் வைத்தேன், சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது என் கணக்கு. எஞ்சினியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் விளக்குக்கு ஒருவராவது மரியாதை செய்தாரே என்று கை குலுக்கினார்.

தலைவர் முதல் வண்டியை ஓட்டினார். நான் நடத்துநர். பச்சை எரிந்தது, எலுமிச்சம்பழம் நசிந்தது, சனம் கைதட்டியது, காட்டுக்குள் போனோம். ஏரிக்கரையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஏறினார்கள். மணி அடித்தேன். வண்டி நகரவில்லை.

"சிவப்பு" என்றார் தலைவர்.

காத்திருந்தோம். ஏரியில் வாத்துகள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பின. பயணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. டேனிஷ்காரருக்குச் சிவப்பைக் காட்டிவிட்டால் போதும், தாலாட்டுக் கேட்ட பிள்ளை மாதிரி அடங்கிவிடுவார்கள். நண்பகல் நெருங்க நெருங்க நான் மட்டும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். தலைவர் சுருட்டை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்.

"உள்ளே ஏதோ வண்டி இருக்கிறது என்கிறது விளக்கு" என்றார். "பழைய நாளில் என்றால் எதிரே கோலோடு ஒரு மனிதன் இருப்பான். அவனை ஏசலாம். இதை என்ன செய்வது?"

"என்னுடைய மனைவி வருகிறாள்" என்றேன்.

"தெரியும்" என்றார். அவருக்குத் தெரியும். அவள் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு டேனிஷ் பழக்கினவர். உடனே எழுந்து, பழைய சட்டம் ஒன்று உண்டு என்றார். கோல் இல்லாத இடத்தில் ஒரு மனிதனையே கோலாக நியமிக்கலாம். அந்த மனிதன் ஏறாமல் எந்த வண்டியும் காட்டுக்குள் போகக்கூடாது. சுவரில் ஆணியடித்த கோலை எடுக்கலாம் என்றால், கஃபே பூட்டியிருந்தது. அதை நடத்தும் அம்மா சாவியோடு எங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டிருந்தார்.

தலைவர் வண்டியில் இருந்த சிவப்புக் கொடியைக் கிழித்து என் புயத்தில் கட்டினார். "இந்த நிமிஷத்தில் இருந்து நீதான் கோல். காட்டுக்குள்ளால் நடந்துபோய், அந்தப் பக்கம் நிற்கும் வண்டியை உள்ளே வராதே என்று சொல். பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் ஏறு. போவோம்."

எனக்குப் பதவிகள் கிடைத்ததில்லை. கிடைத்த முதற்பதவி கோல்.

காட்டுக்குள்ளால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். தடுக்கி விழுந்த இடத்தில் கோட்டுப் பொத்தான் ஒன்று போனது. அங்கே ஒரு முயலைத் தவிர யாருமில்லை. மறுமுனையில் இரண்டாவது வண்டி நிறையச் சனத்தோடு நின்றது. அதை ஓட்ட வந்த எஞ்சினியர், விளக்குப் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார். என்னுடைய மாலை கம்பத்தில் இருந்து வழுக்கித் தண்டவாளத்துக்குக் குறுக்கே நீட்டிக் கிடந்தது. வரவேற்க ஆளே போய்ச் சேராத இடத்தில் இனி மாலை எதற்கு என்று ஆத்திரம் வந்தது. தாண்டிக்கொண்டு போனேன்.

"காட்டுக்குள் வண்டி ஒன்றும் இல்லை. நான் நடந்து வந்தேன்" என்றேன்.

"விளக்கு இருக்கிறது என்கிறது" என்றார் எஞ்சினியர்.

"ஒரு முயல்தான் நிற்கிறது."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "முயலுக்கு இரும்புச் சில்லு இல்லை" என்றார்.

அதோடு என் பொறுமை போய்விட்டது. பழைய மரியாதை டேனிஷ் தவிர வேறு டேனிஷ் எனக்குத் தெரியாது. அதிலேயே கத்தினேன். மதிப்புக்குரிய ஐயா, தங்களுடைய விளக்குக்குக் கண் இல்லை, காது இல்லை, ஒருவர் வந்து நேரில் சொன்னால் கேட்கிற புத்தியும் இல்லை, நான் வருடக்கணக்காக இப்படியான ஒன்றுக்கு முன்னால்தான் நிற்கிறேன், அது பரிசீலனை பரிசீலனை என்றே சொல்லும், இப்போது என் மனைவி ரயிலடியில் தனியாக நிற்கிறாள், தயவுகூர்ந்து தாங்கள் நாசமாய்ப் போகக் கடவீர். இரண்டாவது வண்டியில் இருந்தவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். பின்னால் இருந்த ஒருவர் கைதட்டினார். விழாவில் இதுவும் ஒரு நாடகம் என்று நினைத்திருக்கிறார்.

தரிப்பிடம் அங்கிருந்து தெரிந்தது. கார் அண்ணையின் கார் அங்கே இல்லை. பெரிய வீதிக்கு ஓடினால் யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள். என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை. ஆனால் நான் போனால் ஏரிக்கரையில் இருப்பவர்கள் கோல் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பதில் சொல்லாமல் ஆட்களைக் காக்கவைத்துவிட்டுத் தன் பாட்டில் போகிறவன் எப்படிப்பட்டவன் என்பதை என்னைவிட யார் ஏசியிருப்பார்கள்? எனக்கு அழுகை வந்தது. மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் காட்டைப் பார்த்துத் திரும்பினேன்.

பின்னால் கார் ஹோர்ன் கேட்டது. கார் அண்ணை புல்லுக்கு மேலாலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"உனக்காக ரயில் நிக்குமோடா?" என்று கத்தினார். "உன்னைப் பாத்துப் பாத்து நான் போய்க் கூட்டியந்திட்டன்!"

கதவு திறந்தது. அவள் இறங்கினாள். புடைவைக்கு மேலே யாருடையதோ ஒரு பெரிய குளிர்ச்சட்டை. மெலிந்திருந்தாள். இந்தச் சந்திப்பை நான் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தேன். ஒன்றிலும் நான் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு மூக்கு வடிய நிற்கவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கையில என்ன? காயமோ?"

"இல்லை. நான் கோல்" என்றேன்.

அவள் கார் அண்ணையின் பக்கம் திரும்பினாள். "இவருக்குச் சுகமில்லையெண்டு ஏன் எனக்கு ஒருத்தரும் எழுதேல்லை?"

விளக்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் என் பக்கமாக வந்தவள், தண்டவாளத்தடியில் சடக்கென்று நின்றாள்.

"ஐயோ, மாலையெல்லே நிலத்தில கிடக்குது. ஆரும் மிதிக்கப் போகினம். இத்தனை பேர் நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள், ஒருத்தருக்கும் எடுக்கத் தோணேல்லையோ?"

குனிந்து, மாலையை இரண்டு கையாலும் தூக்கினாள்.

விளக்கு பச்சையானது.

இரண்டாவது வண்டியில் இருந்து ஒரு ஆரவாரம் எழுந்தது. எஞ்சினியர் பெட்டிக்குள் இருந்து தலையை எடுத்து, விளக்கைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், செப்புக்கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏற்பட்ட வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். அவருடைய விளக்கு பொய் சொல்லவில்லை. கம்பி இரண்டு தண்டவாளத்தையும் தொடுத்திருந்தது, ஆகவே விளக்கின் கணக்கில் அங்கே ஒரு டிராம் நின்றது, அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் அந்த டிராமைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறோம். ஒருவரும் குனியவில்லை.

கொழும்பில் அவள் இருந்த வருடங்கள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன. எங்கேயோ ஒரு மேசையில், எங்களுடைய கோப்புக்குப் பக்கத்தில், ஒருவராவது இப்படிக் குனிந்திருக்கலாம் என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

காட்டுக்குள் இருந்து மணிச்சத்தம் கேட்டது. ஏரிக்கரையிலும் பச்சை விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் கோல் திரும்பி வராமல் தலைவர் வண்டியை எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். பச்சையைப் பார்த்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டு மணி அடித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினியர் மனைவிக்கு முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார். மிகவும் பணிவாக என்னிடம் ஏதோ சொன்னார்.

"இவர் என்ன கேக்கிறார்?" என்றாள்.

"மாலையை இன்னுமொருக்கா தண்டவாளத்தில போட்டு எடுக்கட்டாம். சோதிச்சுப் பாக்கோணுமாம்."

"அது ஆருக்குக் கட்டின மாலை?"

"உனக்கு."

அவள் மாலையைப் பார்த்தாள். வெள்ளித்தாள் இலை ஒன்று கழன்று தொங்கியது. அதைத் திரும்பவும் கம்பியில் முறுக்கிவிட்டு, தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏலாதெண்டு சொல்லுங்கோ. நான் வந்திட்டன்" என்றாள். "அந்த மணி அடிக்கிற ஆளையும் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. வீட்டை போவம்."